நாடு காப்போர்

மக்கட்கு வாழ்நாள் வரம்புண்டு, அரசுகட்கும் அங்ஙனமே. ஆயினும், சில சொற்கள் தம்மைப் பெற்றெடுத்த அரசு மறைந்தொழிந்த பின்னரும் பன்னூறாண்டு உயிர்த்திருப்பனவாம். அத்தகைய சொற்களுள் ஒன்று 'சத்திரபர்' என்பது. பண்டைப் பாரசீக மன்னர் தம் பேரரசின் மண்டலங்களை ஆளுமாறு விடுத்த தலைவர்க்கு வழங்கிய பெயர் இது. இதன் முற்பகுதி, வடமொழியில் 'க்ஷத்ர' என வழங்கும் சொல்லுக்கு உறவுடையது. பிற்பகுதி காத்தற் பொருளதாகிய 'பா' என்னும் அடியிற் பிறந்தது. எனவே, 'அரசைக் காப்போன்' என்பதே இதன் பொருள். ஆள்வோன் என்றாவது, வரி தண்டுவோன் என்றாவது, படைநடத்துவோன் என்றாவது பெயரிடாது, காப்போன் என்று பெயரிட்டது நோக்கத்தக்கது. காப்பவன் வைத்திருப்பது பிறர் பொருள். தன் பொருளாயின் அதனைக் 'காவல்' என்று யாரும் கூறார்.

யாம் சிறுபிராயத்தில் மறைநூற் பாடங் கற்ற காலை, இச்சொல்லைச் சத்திரபர் என அறிந்திலேம். 'தேசாதிபதி' என்றே அறிந்தோம். தானியேலின் ஆகமத்திலே தரியு அரசன் நூற்றிருபது தேசாதிபதிகளை ஏற்படுத்தினான் என்றும், எஸ்தரின் ஆகமத்திலே இந்துதேசம் முதல் எத்தியோப்பியாவரை நூற்றிருபத்தேழு நாடுகள் இருந்தன என்றும் உருப்போட்டு ஒப்புவித்தோம். பின்னர்க் கல்லூரியிற் புகுந்து யவன வரலாற்றாசிரியராகிய ஹெரோடோட்டஸின் நூலைப் பயின்றபோது, மண்டலங்கள் 20 என்று கண்டோம். அதன் பின்னர், பெஹிஸ்தூன் என்னும் மலைமுகட்டிலே தரியு மன்னன் (கிரேக்கர் டேரியஸ் என்பர்) தானே பொறித்த சாசனத்தில் தனக்கடங்கிய நாடுகளாக 23 எண்ணப்பட்டிருத்தலைக் கண்டோம். எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமை இளமையில் எமக்கு ஒரு புதிராகவே இருந்தது. ஆராயுங்கால், ஹெரோடோட்டஸ் எண்ணியது வரி செலுத்தும் தொகுதிகளை. தரியு எண்ணியது தன் ஆணைக்கு அடங்கிய மக்களினங்களை. மறைநூலார் எண்ணியது அவற்றினும் சிறிய உட்பிரிவுகளையும் சேர்த்து என்று கொள்ளுதல் பொருந்தும். ஒரே நாட்டைக் கருவூலக்காரன் ஒருவகையாகவும், அரசன் ஒருவகையாகவும், அதன்கண் வாழும் குடிகள் ஒருவகையாகவும் எண்ணுவர் என்பது அன்று முதல் எம் உள்ளத்தில் நின்ற பாடமாகும்.

அப்பேரரசின் பரப்பைச் சிறிது நினைவிற் கொள்வோம். கி.மு. 539-இல் கோரேசு மன்னன் பாபிலோனைக் கைக்கொண்டான். அவன் மைந்தன் காம்பீசஸ் கி.மு. 525-இல் எகிப்தை வென்றான். கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட தரியுவின் காலத்தில், கிழக்கே சிந்துநதிக் கரை முதல் மேற்கே ஈஜியக் கடற்கரை வரையிலும், தெற்கே நீலநதி பாயும் நாடு வரையிலும் ஒரே குடைக்கீழ் அடங்கின. ஆண்டுதோறும் கருவூலத்திற்கு வந்த வரியை ஹெரோடோட்டஸ் 14,560 தாலந்து வெள்ளி எனக் கணக்கிடுகின்றார்; சிந்துவெளி மண்டலத்தார் மட்டும் 360 தாலந்து பொற்றுகள் செலுத்தினர் என்கின்றார். இங்ஙனம் ஒவ்வொரு நாட்டிற்கும் இறை வரையறுத்ததால், கோரேசைத் 'தந்தை' என்று போற்றிய பாரசீகர் தரியுவை 'வாணிகன்' என்று பெயரிட்டழைத்தனராம்.

சர்தை நகரினின்று சூசான் அரண்மனைக்குச் சென்ற இராஜபாட்டையில் 111 தங்கலிடங்கள் இருந்தன. நடந்து செல்வோர்க்கு 90 நாட் பயணம். குதிரைத் தூதர் மாறிமாறி ஓடி இவ்வழியை மிக விரைவிற் கடந்தனர் எனினும், சர்தையிலிருந்த சத்திரபன் இன்று செய்ததொரு கொடுமை, வழக்கமாகச் செல்லும் மாந்தர் வாயிலாக மன்னன் செவியை எட்ட மூன்று திங்களாகும். அவன் சினம் மீண்டு வந்து சேர மற்றும் மூன்று திங்களாகும். ஆகவே, வினா இதுதான்: தன்னை விடுத்தவன் தொண்ணூறு நாட் பயணத் தொலைவில் இருக்க, தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டவர் வாயிற்படியில் நிற்க, நடுவில் இருப்பவன் எங்ஙனம் ஒழுகுவான்?

இவ்வினாவுக்கு மன்னர் கண்ட விடை முதலாவது பெயரிலேயே இருக்கின்றது. பெஹிஸ்தூன் சாசனத்தில், தரியு பட்டமேற்ற காலத்தில் எழுந்த பல கலகங்கள் கூறப்படுகின்றன. அக்கலகங்களின் நடுவே அசையாது நின்றவருள் இருவர் பாக்திரியாவின் தலைவன் தாதர்ஷியும், அரகோசியாவின் தலைவன் விவானனும் ஆவர். அவ்விருவரையும் மன்னன் சத்திரபர் எனக் குறிக்கின்றான். அதே தொடரில் 'என் அடியான்' என்றும் குறிக்கின்றான். அடியான் என்பதற்கு அவன் வழங்கும் 'பந்தக' என்னுஞ் சொல், நாம் 'பந்தம்' என்னும் சொல்லோடு உறவுடையது. கட்டுண்டவன் என்பது பொருள். எனவே, ஒரே மனிதன் ஒரே வரியில் கட்டுண்டவனும் ஆகின்றான், காப்போனும் ஆகின்றான். மேல்நோக்கி நிற்குங்கால் அடியான், கீழ்நோக்கி நிற்குங்கால் காவலன். இவ்விரண்டினையும் ஒருங்கே தாங்க மாட்டாதவரே வரலாற்றில் இழிபெயர் எய்தினர்.

அடியான் என்று பெயரிட்டதனால் மட்டும் ஒருவன் அடங்கி நடப்பான் என மன்னர் நம்பியிருந்தாரல்லர். சத்திரபனது அவையில் அரசனுக்குரிய எழுத்தர் ஒருவர் இருந்தனர். கோட்டைக் காவற்படைத் தலைவர் சிலர் நேரே அரசனுக்குக் கட்டுப்பட்டவர் என்று செனபோன் கூறுவர். இக்கட்டுப்பாடுகள் எவ்வாறு தொழிற்பட்டன என்பதை ஹெரோடோட்டஸ் உரைக்கும் ஒரேதஸ் வரலாறு தெளிவாகக் காட்டும்.

ஒரேதஸ் என்பான் சர்தையிலிருந்து லீதியா, பிரிகியா, ஐயோனியா என்னும் நாடுகளை ஆண்டவன். சாமோஸ் தீவின் தலைவன் பொலிக்கிராட்டிசை வஞ்சித்து அழைத்துக் கொன்றவன் இவனே. தரியு பட்டத்திற்கு வந்த குழப்பத்திலே, அண்டை மண்டலத் தலைவனாகிய மித்ரபாதிஸையும் அவன் மைந்தனையும் கொன்றான்; தனக்குப் பிடிக்காத செய்தி கொணர்ந்த அரச தூதனையும் வழியிற் கொல்வித்தான். ஆயிரம் பாரசீக வீரர் அவனுக்கு மெய்காவலர். படைவிடுத்து அவனை அடக்குதல் எளிதன்று என உணர்ந்த மன்னன், 'வலியாலன்றி அறிவால் இதனை முடிப்பார் யார்?' என்று வினவ, முப்பதின்மர் முன்வந்தனர். சீட்டுப் போட்டதில் பகேயுஸ் என்பவனுக்கு விழுந்தது. அவன் பல திருமுகங்கள் எழுதுவித்து, அரச முத்திரை இடுவித்து, தனியனாய்ச் சர்தைக்குச் சென்றான். அவையில் ஒவ்வொரு திருமுகமாக முத்திரை நீக்கி எழுத்தர் கையிற் கொடுத்து வாசிப்பித்தான். முதலில் வாசித்தவற்றைக் கேட்ட காவலர் திருமுகத்தினிடத்தும், அதினும் மேலாக அதன் வாசகத்தினிடத்தும் பெருமதிப்புக் காட்டுதலைக் கண்டான். பின்னர், ஒரேதஸுக்குக் காவல் செய்தலை மன்னன் விலக்குகின்றான் என்னும் திருமுகம் வாசிக்கப்பட்டது. காவலர் ஈட்டிகளைக் கீழே வைத்தனர். இதனைக் கண்டு துணிவுற்ற பகேயுஸ் இறுதித் திருமுகத்தைக் கொடுத்தான். ஒரேதஸைக் கொல்லுக என்பது அதன் ஆணை. அவ்வளவில் காவலரே வாளையுருவி அவனை வீழ்த்தினர்.

இவ்வரலாற்றை வகுப்பில் யாம் சொல்லும்போதெல்லாம் மாணவர் மகிழ்ந்து நகைப்பர். கொடியவன் தன் காவலராலேயே மாண்டான் என்பது இளைஞர் உள்ளத்துக்கு இனிதாதல் இயல்பே. ஆயின், எமக்கு இக்கதை எப்போதும் ஒரு குறை உடையதாகவே தோன்றும். திருமுகமும் முத்திரையும் தீயவனை நீக்கவல்லன என்பதை அது காட்டுகின்றது. நல்லவனை ஆக்கவல்லன என்பதைக் காட்டவில்லை. மேலும், அவனுக்கு இரையான பொலிக்கிராட்டிஸும் மித்ரபாதிஸும் திருமுகம் வந்ததனால் உயிர்பெற்று எழுந்தாரல்லர். தண்டனை எப்போதும் காலந்தாழ்த்தே வரும். ஒரு மண்டலத்தார் நாள்தோறும் உயிர்வாழ்வது தண்டனையின் அச்சத்தால் அன்று. அதனினும் சிறியதும், அதனினும் இடையறாததுமாகிய வேறொன்றால் என்பதே எம் கருத்து.

இதனை யாம் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், எம்மிடம் வரலாறு பயின்று இப்பொழுது தொலைவிலுள்ள மாவட்டமொன்றில் அலுவல் ஏற்றிருக்கும் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து எமக்கு ஒரு மடல் வந்தது. தலைமையிடத்தார் தம்மை ஊரார் பக்கம் சாய்ந்தவர் என ஐயுறுவதாகவும், ஊரார் தம்மைத் தலைமையிடத்தின் கையாள் எனக் கருதி விலகுவதாகவும் எழுதியிருந்தார். 'இருசாராரும் நம்பாத ஒருவன் அவ்விருக்கையில் இருந்து பயனென்ன, ஐயா? விட்டுவிட்டு ஊர் திரும்பலாமா என்று எண்ணுகின்றேன்' என்பது அதன் முடிவு. அவர் வகுப்பில் முன்வரிசையில் இருந்து, ஒரேதஸின் கதைக்கு நகைத்தவருள் ஒருவர். யாம் உடனே விடையெழுதவில்லை. அவர்க்குச் சொல்லத்தக்கது யாதென்று பாரசீகத்தின் பழைய ஏடுகளையே மறுபடியும் புரட்டினோம்.

தரியுவின் தலைநகராகிய பெர்செபொலிசிலே 1933-இல் பல்லாயிரம் களிமண் ஏடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கி.மு. 509 முதல் 493 வரையிலான அரசாங்கக் கணக்குகள் அவை. பெரும்பாலன ஏலாமிய மொழியில் எழுதப்பட்டவை. அவற்றில் போரில்லை, வெற்றியில்லை, மன்னர் புகழில்லை. இன்னார்க்கு இவ்வளவு மாவு, இவ்வளவு யவம், இவ்வளவு மது அளந்தது என்பதே ஏடுதோறும் காணும் செய்தி. மிகப் பல ஏடுகளில் பொருள் கொடுத்தோர் முத்திரை ஒருபுறமும், பெற்றோர் முத்திரை மற்றொருபுறமும் பதிந்துள்ளன. மகப்பெற்ற வேலைக்காரப் பெண்டிர்க்குத் தனிப்படி கொடுத்தனர்; ஆண்மகவாயின் பெண்மகவுக்குக் கொடுத்ததினும் இருமடங்கு என்னும் ஓரவஞ்சனையும் அவ்வேடுகளில் அப்படியே நிற்கின்றது.

அக்கணக்கிற்கெல்லாம் தலைவராக விளங்கியவர் பர்னகர் என்னும் பெரியார். அவர்க்கு நாள் ஒன்றுக்கு ஆடு 2, மது 9 மர்ரிஷ், மாவு 18 பார். ஆண் வேலையாள் ஒருவனுக்குத் திங்கள் ஒன்றுக்கு அளந்த தானியமோ பெரும்பாலும் 3 பார். எனவே, தலைவர் வீட்டின் ஒருநாள் மாவு, தொழிலாளியின் ஆறு திங்கட் கூலி. அவர் மனையில் உண்டவர் பலராதல் வேண்டும். எனினும், இவ்வேற்றத்தாழ்வை நாம் மறைத்தல் முறையன்று. இத்துணைப் பெரியவரும் கணக்கிற்குப் புறம்பானவரல்லர் என்பதே வியப்பு. கி.மு. 500-இல் பர்னகர் தம் முத்திரையை மாற்ற நேர்ந்தது. அப்போது, முன்னர்த் தம்முடையதாயிருந்த முத்திரை மாற்றப்பட்டதென்றும், இவ்வேட்டில் உள்ளதே இனித் தம் முத்திரை என்றும் அலுவலர்க்குத் திருமுகம் விடுத்தார். மன்னனுக்கு அணுக்கராயிருந்த பெரியாரும், 'என் சொல் போதும்' என்னாது, 'என் முத்திரை இது. இதனைப் பார்த்தே பொருள் கொடு' என்று சிற்றலுவலனுக்கு எழுதினார்.

யாமும் சில ஆண்டுகள் மாணவர் விடுதி ஒன்றின் உக்கிராணப் பொறுப்பை ஏற்றிருந்தோம். அரிசி அளந்து கொடுக்கும்போது ஒருவரும், வாங்கும்போது சமையற்காரரும் கையொப்பமிடுதல் அங்கு விதி. சமையற்காரர் முதியவர், பிறர் பொருளைத் தொடாதவர். ஒருநாள் அவர், 'ஐயா, என்னை நம்பவில்லையா? இரண்டு கையெழுத்து எதற்கு?' என்று மனம் நொந்து வினவினார். 'நும்மை நம்பாமையால் அன்று. நாளை எவனேனும் நும்மீது பழி சுமத்தினால், நுமக்காகப் பேச இத்தாள் ஒன்று இருக்கட்டும்' என்றோம். அவர் சற்றே எண்ணி, அன்று முதல் கணக்கேட்டை எமக்கு முன்னரே எடுத்து வைப்பாராயினார். பெர்செபொலிசின் இரட்டை முத்திரைகளைப் படங்களிற் காணுந்தோறும் அம்முதியவரே எம் நினைவுக்கு வருவர். கணக்கு கள்வனைப் பிடிப்பதற்கு மட்டும் உரியதன்று. நேர்மையாளனுக்கு அதுவே கவசம்.

ஆயினும், கணக்கே காவல் என்று நாம் அமைந்துவிடுதற்கில்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தின் சத்திரபராயிருந்தவர் அர்ஷாமர். அவர் தோலில் அரமேய மொழியில் எழுதுவித்த மடல்கள் சில இன்று ஆக்ஸ்போர்டு நகரின் பாட்லியன் நூலகத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்று வழிப்படி பற்றியது. தம் காரியக்காரன் நக்தோர் எகிப்துக்குச் செல்கின்றான். அர்பேலா முதல் தமஸ்கு வரை வழியிலுள்ள தம் பண்ணை அதிகாரிகள் நாள்தோறும் அவனுக்கும் அவனைச் சார்ந்தோர்க்கும் மாவும் மதுவும் ஆடும் இவ்வளவு தருக என்று அதிற் கண்டுள்ளது. அதன் முடிவிலே, ஓரிடத்தில் ஒருநாளைக்கு மேல் தங்குவாராயின் அந்நாட்களுக்கு மிகைப்படி கொடுக்கற்க என்று ஒரு வரியும் சேர்த்துள்ளார். பயணப்படி வாங்கி ஓரூரில் இளைப்பாறும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்று எண்ணி யாம் நகைத்துக்கொண்டோம்.

அவ்வளவு நுணுக்கமாகத் தம் மாவையும் மதுவையும் காத்த அர்ஷாமரின் ஆட்சியிலேதான் மற்றொன்றும் நிகழ்ந்தது. எகிப்தின் தென்னெல்லையில், நீலநதியின் நடுவே யேப் என்னும் தீவில், பாரசீகக் காவற்படையைச் சேர்ந்த யூதர் குடியிருந்தனர். காம்பீசஸ் எகிப்துக்கு வருமுன்னரே கட்டப்பட்ட ஆலயமொன்று அவர்கட்கு இருந்தது. கி.மு. 410-இல், இரண்டாம் தரியுவின் பதினான்காம் ஆண்டில், அர்ஷாமர் மன்னனைக் காணப் புறப்பட்டுச் சென்றார். அவர் இல்லாத காலம் பார்த்து, க்னூம் தேவனுடைய பூசாரிகளோடு கூடிக்கொண்ட உள்ளூர்த் தலைவன் விதரங்கன், அண்டையிலிருந்த படையை ஏவி அவ்வாலயத்தை இடித்து எரிப்பித்தான். யூதர் இரட்டுடுத்து உபவாசம் இருந்தனர், எருசலேமின் பிரதான ஆசாரியருக்கு எழுதினர், மறுமொழி வரவில்லை. மூன்றாண்டு கழித்து, கி.மு. 407-இல், யூதேயாவின் தேசாதிபதி பகோகிக்கு விண்ணப்பம் விடுத்தனர். நெகேமியாவுக்கு இடுக்கண் விளைத்தவனாக நாம் அறிந்த சன்பல்லாத்தின் மைந்தர்க்கும் எழுதியதாக அதிற் கூறினர். இவையனைத்தும் அர்ஷாமர் அறியாமலே நிகழ்ந்தன என்றும் குறித்தனர். ஆலயத்தைக் கட்டலாம், போஜன பலியும் தூபமும் செலுத்தலாம் என்று அர்ஷாமரிடம் கூறுமாறு, பகோகியிடமிருந்தும் சன்பல்லாத்தின் மகன் தெலாயாவிடமிருந்தும் ஒரு குறிப்புக் கிடைத்தது.

'அவர் அறியாமலே' என்னும் அச்சொல்லை யாம் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. எழுதியோர் அவர்மீது பழிவாராதபடி மரியாதையாகவே எழுதினர். ஆயினும், காப்போனைப் பற்றிக் கூறத்தக்க சொற்களுள் அதனினும் கடியது வேறில்லை. வழியில் ஒரு நாளின் மிகைமாவு எங்குச் செல்லும் என்பதை அறிந்த ஒருவர், தம்மை நம்பிய மக்களின் வழிபாட்டிடம் எரிவதை அறிந்திலர். கணக்கு நுணுகி இருந்தது. கண் வேறெங்கோ இருந்தது.

இதற்கு மாறாக, தானிருந்த இடத்திலேயே கண்ணை வைத்திருந்த ஒருவரை எஸ்றாவின் ஆகமத்திற் காண்கின்றோம். அவர் நதிக்கப்பாலுள்ள நாட்டின் தேசாதிபதியாகிய தத்னாய். பாபிலோனையும் அந்நாட்டையும் சேர்த்தாண்ட சத்திரபர்க்குக் கீழ்ப்பட்ட அலுவலர் அவர், கி.மு. 502-இல் எழுதப்பட்ட பாபிலோனியக் களிமண் ஏடொன்றும் அவர் பெயரையும் பதவியையும் குறிக்கின்றது. எருசலேமில் ஆலயம் மீண்டும் எழும்புதலைக் கேள்வியுற்று அவர் நேரே சென்றார். 'உங்களுக்குக் கட்டளையிட்டவர் யார்?' என வினவினார். தலைவர் பெயர்களைக் கேட்டார். கோரேசு மன்னன் ஆணை தந்தான் என்று மூப்பர் விடையிறுத்தனர். அச்சொல் மெய்யோ பொய்யோ என்று துணிய அவரிடம் ஆதாரம் இல்லை. ஆகவே, அவர் வேலையை நிறுத்தவும் இல்லை. தாமே இசைவு தரவும் இல்லை. மூப்பர் கூறியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதி, அரண்மனை ஏடுகளைத் தேடிப்பார்க்குமாறு தரியுவுக்கு விண்ணப்பித்தார். தேடியபோது, மேதியர் நாட்டு அக்மேதா நகரில் அக்கட்டளை கிடைத்தது. தரியுவின் ஆறாம் ஆண்டில், கி.மு. 515-இல், ஆலயம் முற்றுப்பெற்றது. தத்னாயைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்ய யாம் கேட்டதில்லை. அவர் அவ்வரலாற்றின் தலைவரல்லர். எனினும், அவர் அஞ்சி வேலையை நிறுத்தியிருந்தாலும், தம்மை உயர்த்திக்காட்ட வேண்டி மூப்பரின் சொல்லைத் திரித்து எழுதியிருந்தாலும் அவ்வரலாறு வேறாய் முடிந்திருக்கும்.

நெகேமியாவின் செய்தி நம் எல்லார்க்கும் தெரிந்ததே. சூசான் அரண்மனையில் மன்னனுக்குப் பானபாத்திரக்காரராயிருந்த அவர், அர்த்தசஷ்டாவின் இருபதாம் ஆண்டு முதல் முப்பத்திரண்டாம் ஆண்டு வரை, அஃதாவது கி.மு. 445 முதல் 433 வரை, யூதேயாவின் தேசாதிபதியாக இருந்தார். மன்னனுக்குச் செலுத்தும் தீர்வைக்காகக் குடிகள் தம் வயல்களையும் திராட்சத் தோட்டங்களையும் ஈடுவைத்துக் கடன்பட்டிருந்தனர். அவருக்கு முன்னிருந்தோர் அப்பமும் திராட்சரசமும் பெற்றதன்றி நாற்பது வெள்ளிச் சேக்கலும் வாங்கினர். அவர்தம் வேலைக்காரரும் குடிகள்மீது அதிகாரம் செலுத்தினர். நெகேமியாவோ பன்னிரண்டு ஆண்டும் தேசாதிபதிக்குரிய படியை உண்டிலர். நிலம் ஒன்றும் வாங்கினாரல்லர். மன்னன் வரியைக் குறைத்தல் அவர் கையில் இல்லை. தம் கையில் இருந்தது ஒன்றே. அது தம் உரிமைப்படி. அதனை விட்டார். மேலிருப்போரை மாற்ற இயலாத நடுநிலை அலுவலனுக்கும் ஏதோ ஒன்று எப்போதும் கையில் இருக்கவே செய்கின்றது என்பதை இதனால் அறிகின்றோம்.

இவற்றையெல்லாம் எண்ணியபின் எம் பழைய மாணவர்க்கு விடையெழுதினோம். 'இருசாராரும் நும்மை ஐயுறுதல் நும் குறையால் அன்று. நும் இருக்கையின் இயல்பால். கட்டுண்டவன் என்றும் காப்போன் என்றும் ஒருவனையே அழைத்த நாள்முதல் அவ்விருக்கை அப்படியே இருக்கின்றது. அவ்விரு கயிறுகளுள் ஒன்றை அறுத்துக்கொண்டால் நெஞ்சுக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால், மேற்கயிற்றை அறுத்தவன் ஒரேதஸ் ஆவான். கீழ்க்கயிற்றை அறுத்தவன் வெறும் வரிவாங்கி ஆவான். ஊரார் கூறுவதைக் கூட்டாது குறையாது மேலே எழுதுக. மேலோர் கூறுவதை மறையாது ஊரார்க்கு உரைக்க. கணக்கை இருவர் காண எழுதுக. நுமக்கென அளந்ததில் விட இயன்றதை விடுக. நம்பிக்கை வந்தால் நன்று. வாராவிடினும், நீர் அவ்விடத்தில் உள்ள வரை அவ்வூரில் ஒன்றும் நீர் அறியாமல் எரியலாகாது' என்பது எம் மடலின் சுருக்கம். அவர் இன்னும் அவ்வலுவலிலேயே இருக்கின்றார். நம்பிக்கை வந்ததா என்று யாம் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை.

நிற்க. கி.மு. 330-இல் பெர்செபொலிசு அலெக்சாந்தரின் தீக்கு இரையாயிற்று, அப்பேரரசும் முடிந்தது. ஆனால், தொடக்கத்தில் யாம் கூறியவாறு, சொல் முடியவில்லை. அது சிந்துவைக் கடந்து நம் பாரதநாட்டினுட் புகுந்தது. சௌராட்டிரத்தில் ஜூனாகத்துக்கருகே அசோகனுடைய கட்டளைகள் பொறித்த பாறையொன்று உளது. அதே பாறையில் கி.பி. 150-ஐ ஒட்டிச் சக மரபினனாகிய ருத்திரதாமன் வடமொழியில் ஒரு சாசனம் பொறித்தான். அதில் அவன் தன்னை 'மகாக்ஷத்ரபன்' என்று குறிக்கின்றான். சந்திரகுப்த மௌரியன் காலத்தில் வெட்டப்பெற்று, அசோகன் காலத்தில் துஷாஸ்பன் என்னும் யவனத் தலைவனால் கால்வாய்கள் அமைக்கப்பெற்ற சுதர்சன ஏரி, பெருமழையால் உடைந்தது. உடைப்பு 420 முழ நீளம், அத்துணையே அகலம், 75 முழ ஆழம். உடைப்புப் பெரிதென்று அமைச்சர் மறுத்தனர். இனி அணை எழாது என்று குடிகள் அலறினர். மன்னன் தன் கருவூலத்தினின்றே பொருள் கொடுத்து, குடிகளை வரியாலும் வெட்டிவேலையாலும் வருத்தாமல், முன்னையினும் மும்மடங்கு உறுதியாக அணையைக் கட்டுவித்தான் என்று அச்சாசனம் கூறும். அவ்வேலையை முன்னின்று முடித்தவன், அம்மண்டலத்தை ஆளுமாறு அவனால் அமர்த்தப்பட்ட சுவிசாகன் என்னும் பகலவன்; ஈரானிய வழியினன்.

பாரசீகத்தில் பிறந்த அச்சொல் ஆறு நூற்றாண்டு கழித்து, ஓர் ஏரிக்கரையில் தன் பொருளை நிலைநாட்டியது. இக்கல்லூரியினின்று ஆண்டுதோறும் வெளியேறும் இளைஞருட் பலர் தொலைவூர்ப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும், தம்மை விடுத்தோர்க்கும் தம்மிடம் ஒப்புவிக்கப்பட்டோர்க்கும் நடுவே அமர்வர். அவர்களுக்குச் சத்திரபர் என்னும் பட்டம் யாரும் தாரார். ஆயினும், உடைப்பு எவ்வளவு முழம் என்று கரையில் இறங்கி அளக்க வேண்டிய நாள் அவர்க்கும் வரும்.